சூரிய மின்னும் சேமிப்புக் கலமும்

எம்மிடம் தமிழ் கற்ற பழைய மாணவர் ஒருவர் இன்று மின்கம்பம் ஏறித் தொழில் புரிகின்றார். சென்ற மாரியிலே மரக்கிளை முறிந்து விழுந்து எமது ஒழுங்கையின் மின்கம்பி அறுந்தபோது, திருத்த வந்தவர் அவரே. ஏணியைக் கம்பத்திற் சாத்துமுன் எமது கூரையை அண்ணாந்து நோக்கி, "ஐயா, லைன் நிண்டால் உங்கட சோலரும் நிக்குமோ?" என்று வினவினார். "நிற்கும்" என்றோம். "எப்பிடித் தெரியும் ஐயா?" என்றார். விடை கூற இயலாது நின்றோம். வகுப்பறையில் அவரை எத்தனையோ வினாக்களால் மடக்கிய நாம், அன்று அவரது ஒரு வினாவால் மடங்கினோம். அவர் புன்முறுவலுடன் எமது வீட்டுப் பிரதான ஆளியைத் தாமே அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறினார்.

அவ்வினாவிற்கு விடை தேடிக் கற்றவற்றுட் சிலவற்றை இம்மலரிலே தருகின்றோம். தமிழாசிரியர்க்கு இத்துறையில் என்ன வேலை என வினவுவார் உளராயின், கூரையில் சூரியத் தகடும் வீட்டினுள் பற்றரியும் வைத்திருப்பவர் யாவர்க்கும் இதில் வேலை உண்டு என்பதே எமது மறுமொழி.

முதலில் உறுப்புக்களை அறிதல் வேண்டும். சூரியத் தகடு தருவது நேரோட்டம். பற்றரி ஏற்பதும் நேரோட்டமே. ஆயினும் தகட்டின் வோல்ற்றளவு வெயிலோடு ஏறி இறங்கும். பற்றரியோ அளவறிந்தே உண்ணும் இயல்பினது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று அளந்து ஊட்டுவது மின்னேற்றக் கட்டுப்படுத்தி. நேரோட்டத்தை எமது வீடுகளுக்குரிய 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமாக மாற்றுவது இன்வேட்டர். இக்காலத்தில் இவ்விரண்டும் ஒரே பெட்டியினுள் அமைந்து வருதலும் உண்டு. பெட்டி ஒன்றாயினும் பணி இரண்டு என்பதை மறத்தலாகாது.

இனி, எமது பிழையொன்றைக் கூறுவாம். 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். அவ்வருத்தத்தினால் அடுத்த ஆண்டில், மூடப்பட்ட ஜெல் வகைப் பற்றரிகள் நான்கினை வாங்கி, ஒவ்வொன்றும் 12 வோல்ற்றாக, 48 வோல்ற்றுத் தொகுதியொன்று அமைத்தோம். பொருத்தியவர் கம்பிகளைச் செம்மையாகவே இணைத்தார். கட்டுப்படுத்தியின் அமைப்பு எண்களையோ தொழிற்சாலையில் இருந்து வந்தவாறே விட்டுச் சென்றார். நாமும் வினவினோமல்லேம். அவ்வெண்கள் நீர் ஊற்றும் பற்றரிக்கு உரியவை. பதினான்கு திங்களில் நான்கு பற்றரிகளும் வயிறு வீங்கி மாண்டன.

காரணம் யாதெனில், நீர் ஊற்றும் ஈய அமிலப் பற்றரிக்கு இடையிடையே உயர்ந்த வோல்ற்றளவு கொடுத்துக் கலங்களைச் சமன்செய்யும் வழக்கம் உண்டு. எமது கட்டுப்படுத்தி திங்கள்தோறும் 59.2 வோல்ற்று வரை ஏற்றியது. அப்போது அமிலத்திலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறும். நீர் ஊற்றும் வகையாயின் குறைந்ததை மீண்டும் நிரப்பலாம். மூடிய வகையில் நிரப்ப வழியில்லை; உள்ளே வரண்டுவிடும். எமது பற்றரியின் தாளிலோ 56.4 வோல்ற்றில் நிறைத்து, 54 வோல்ற்றில் தாங்கி வைக்குமாறும், சமன்செய்தலை முற்றாக நீக்குமாறும் குறிக்கப்பட்டிருந்தது. அத்தாளை நாம் படித்தது பற்றரி இறந்த பின்னரே.

வெப்பநிலையும் கருதற்பாலது. ஈயப் பற்றரிக்குக் கூறும் எண்கள் பொதுவாக 25 பாகைக்கு உரியவை. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் கலமொன்றுக்கு ஏறக்குறைய 4 மில்லிவோல்ற்று குறைத்தல் வேண்டும். 48 வோல்ற்றுத் தொகுதியில் 24 கலங்கள் உள. யாழ்ப்பாணத்து நண்பகலில் பற்றரி அறை 35 பாகையாயின், 10 பாகை மிகுதி. 24 ஐ 4 ஆலும் 10 ஆலும் பெருக்க 960 மில்லிவோல்ற்று, அஃதாவது ஏறக்குறைய ஒரு வோல்ற்று. எனவே 56.4 என்பது 55.4 ஆதல் வேண்டும். வெப்பவுணரியைப் பற்றரியின் மேல் ஒட்டிவிட்டாற் கட்டுப்படுத்தியே இக்கணக்கைச் செய்யும். எமது உணரி பெட்டியினுள் சுருட்டியபடியே கிடந்தது.

இன்று பெரும்பாலார் வாங்குவது இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி. நாமும் அதனையே பின்னர் வாங்கினோம். இதில் 16 கலங்கள் தொடராக நின்று 51.2 வோல்ற்று தரும். இதற்குச் சமன்செய்யும் உயர் ஏற்றமும் வேண்டா. ஈயத்திற்குரிய வெப்பத் திருத்தமும் வேண்டா. பெரும்பாலும் 56 வோல்ற்றை ஒட்டி நிறைவு கொள்ளும். இப்பற்றரியினுள்ளே கலங்களைக் காக்கும் மின்னணுக் காவலன் ஒருவன் உளன். அவன் மொழியும் இன்வேட்டரின் மொழியும் ஒன்றாக அமைக்கப்பட்டு, இடையே தொடர்புக் கம்பி இணைக்கப்பட்டாற்றான், எவ்வளவு மின்னோட்டம் ஏற்கலாம் என்பதை அவன் உரைக்க, இன்வேட்டர் கேட்டு நடக்கும். மொழி வேறாயின் இருவரும் அருகிருந்தும் அயலாரே.

தகட்டின் பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. திறந்த சுற்றில் 49.5 வோல்ற்று தரும் தகடுகள் பத்தினைத் தொடராக இணைப்பின் 495 வோல்ற்று. கட்டுப்படுத்தியின் உச்ச எல்லை 500 ஆயின் பொருந்தும் எனத் தோன்றும். ஆனால் தகடு குளிருந்தோறும் வோல்ற்றளவு கூடும். பாகைக்கு நூற்றுக்கு 0.27 என்பது வழக்கமானதோர் அளவு. நுவரெலியாவில் தை மாத விடியலில் வெப்பநிலை 10 பாகைக்கு இறங்கின், 15 பாகைக் குறைவிற்கு நூற்றுக்கு நான்கு கூடி, 515 வோல்ற்றாகும். பொறி அன்றே பழுதாகலாம். ஆங்கு ஒன்பது தகடே தகும். இன்னுமொரு விதி: பல கட்டுப்படுத்திகளுக்கு இணைக்கும்போது பற்றரி முந்தி, தகடு பிந்தி, கழற்றும்போது தகடு முந்தி, பற்றரி பிந்தி.

இனி மின்கம்பித் தொடர்பு. பற்றரியின் எண்களைப் பிழையாக அமைத்தால் எமது பணம் போம். இப்பக்கத்திற் பிழைத்தாற் பிறர் உயிர் போம். வெளிக்கம்பியில் மின் நின்றவுடன் இன்வேட்டர் அக்கம்பிக்கு மின் விடுதலை நிறுத்துதல் வேண்டும். சர்வதேச நியமங்கள் அதற்கு இரண்டு செக்கனுக்கு மேல் இடங்கொடுப்பதில்லை. பற்றரியுள்ள இன்வேட்டர், வெளித்தொடர்பைத் தானே துண்டித்துக்கொண்டு, வீட்டின் இன்றியமையா விளக்குகளுக்கு வேறொரு வழியால் மட்டும் மின் தரும். அவ்வழியைப் பிரதான பலகையோடு எக்காரணம் கொண்டும் இணைத்தலாகாது. இணைப்பின், அறுந்து கிடக்கும் கம்பியிலும் எமது பற்றரியின் மின் பாயும்.

வோல்ற்றளவு, மீடிறன் ஆகியவற்றின் எல்லைகளையும் நாம் மனம் போனவாறு மாற்றலாகாது. மின் வழங்குவோர் விதித்தவாறே தேர்ச்சி பெற்றவர் அமைத்தல் வேண்டும். ஜேர்மனியில் முன்னர் பொருத்தப்பட்ட எண்ணற்ற இன்வேட்டர்கள் 50.2 ஹேர்ட்ஸில் ஒருங்கே நிற்குமாறு அமைந்திருந்தன. அவை ஒரே நொடியில் நின்றால் மின்தொகுதி குலையும் என அஞ்சி, 2012 ஆம் ஆண்டில் விதி இயற்றி அவ்வமைப்பை மாற்றினர். எமது நாட்டிலும் 2025 மாசி 9 ஆம் நாள், ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட பழுதினால் நாடெங்கும் மின் நின்றது. அன்று தேவை குறைந்தும் சூரிய மின் மிகுந்தும் இருந்தன. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலிலே கூரைத் தகடுகளை நிறுத்தி உதவுமாறு மின்சார சபை வேண்டியது. பற்றரி உடையார் பகல் மின்னைச் சேமித்து, தேவை உச்சமாகும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை செலவிடுமாறு அமைப்பின் வீட்டிற்கும் நாட்டிற்கும் நன்று. மின்வெட்டிற்கென நூற்றுக்கு முப்பதேனும் எஞ்ச வைத்தலும் தகும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் இத்தகைய பொறி இருப்பின், பற்றரியின் வகை, நிறைவு வோல்ற்று, தாங்கும் வோல்ற்று, சமன்செய்தல் உண்டா இல்லையா, அமைத்தவர் யார், அமைத்த நாள் எது என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பொறியருகே ஒட்டுங்கள். பொருத்துபவர் புறப்படுமுன், வெயில் எறிக்கும் வேளையிற் பிரதான ஆளியை அணைத்து, வெளிக்கம்பிப் பக்கம் மின்னற்றுப் போவதைக் கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வெறுங்கம்பியை நீங்கள் தீண்டற்க.

நாமும் அவ்வாறே சோதிப்பித்தோம். இவ்வாண்டு அம்மாணவர் மீண்டும் ஒழுங்கைக்கு வந்தபோது, பொறியருகே ஒட்டிய தாளைக் காட்டி, சோதித்த நாளையும் கூறினோம். அவர் முழுவதும் படித்தார். பின்னர் முன்போலவே எமது பிரதான ஆளியை அணைத்துவிட்டு ஏறினார். அதுவே முறை என்பதை இம்முறை நாமும் அறிந்திருந்தோம்.