எந்த பிளான் லாபம்? நாள் கணக்கில் பாருங்கள்

"299 போடவா, 349 போடவா?" என்று ரீசார்ஜ் கடைக்காரர் கேட்கும்போது ஐம்பது ரூபாய் வித்தியாசம்தான் கண்ணில் படும். பார்க்க வேண்டியது விலையை நாட்களால் வகுத்தால் வரும் தொகையை. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் அடுத்தடுத்து கட்டணத்தை ஏற்றின. பிஎஸ்என்எல் அப்போது ஏற்றவில்லை. கீழே உள்ள கணக்கெல்லாம் அந்த ஏற்றத்தில் வந்த விலைகளை வைத்துப் போட்டது. பணம் கட்டும் முன் ஆப்பில் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத பிளான் என்று நாம் சொல்வது 28 நாள்தான். அதனால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை அல்ல, பதின்மூன்று தடவை ரீசார்ஜ். 30 நாள் பிளான் ஒன்றாவது தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-ல் உத்தரவிட்டது. ஆனால் தேடிப் பிடிப்பது நம் பாடு!

தினம் 2 ஜிபி தரும் ஜியோ பிளான் 28 நாளுக்கு 349 ரூபாய், 84 நாளுக்கு 859. மூன்று முறை 349 கட்டினால் 1,047. ஒரே தடவையில் கட்டினால் 188 ரூபாய் மிச்சம். ஏர்டெலிலும் வியிலும் அதே 349-க்கும் 859-க்கும் கிடைத்தது தினம் 1.5 ஜிபி. விலை ஒன்று, சரக்கு வேறு.

பேச்சுக்குத்தான் அளவில்லை, டேட்டாவுக்கு உண்டு. அன்றைய அளவு தீர்ந்தால் ஜியோவிலும் ஏர்டெலிலும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். இந்த இரண்டிலும் 5ஜி டேட்டாவுக்கு வரம்பு வைக்கவில்லை, ஆனால் தினம் 2 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பிளானுக்கு மட்டும். கையில் 5ஜி போனும் தெருவில் 5ஜி சிக்னலும் இருந்தால் ஜியோவில் 299-ஐ விட 349 நல்ல பேரம். இல்லையென்றால் அந்த ஐம்பது ரூபாய் தண்டம். வீட்டில் வைஃபை இருப்பவர்கள் தினம் 2 ஜிபி வாங்குவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு டேட்டாவே வேண்டாம். டிராய் சொன்ன பிறகு, 2025 ஜனவரியில் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான்கள் வந்தன. ஜியோவில் 1,748 ரூபாய், ஏர்டெலில் 1,849. ஜியோ மலிவு என்று தோன்றும். ஆனால் ஜியோவுடையது 336 நாள், ஏர்டெலுடையது 365 நாள். வகுத்துப் பார்த்தால் ஜியோ நாளுக்கு 5.20, ஏர்டெல் 5.07.

இத்தனை கணக்கும் டவர் கிடைத்தால்தான். பக்கத்து வீட்டாரின் போனை வாங்கி, உங்கள் வீட்டு உள்ளறையில் நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். விளம்பரத்தை விட அது நம்பகமானது. புது கம்பெனியை நன்றாகச் சோதிக்காமல் வருட பிளானுக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்ற, ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று டைப் செய்து, இடம் விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பதில் எஸ்எம்எஸ்ஸில் வரும் போர்ட்டிங் கோடு தமிழ்நாட்டில் நான்கு நாள் செல்லும். மிச்சமிருக்கும் வேலிடிட்டி கூட வராது. ஆகவே பிளான் முடியப்போகும் வாரத்தில் அனுப்புங்கள்.