மலை ஏற எந்தக் கியர்?

கெந்திங் மலைக்குச் சைக்கிளில் போகணும்னா முதலில் பார்க்க வேண்டியது, நம் சைக்கிளில் உள்ள ஆக லேசான கியர் எது என்பதே.

கணக்கு எளிது. முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுங்கள். முன்னால் 39, பின்னால் 25 என்றால் 1.56. பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் சுமார் 3.3 மீட்டர் நகரும். 34-க்கு 34 என்றால் 1, நகர்வது 2.1 மீட்டர்தான்.

கோத்தோங் ஜெயாவைத் தாண்டிய ஏற்றத்தில் மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கனமான கியரில் நிமிடத்துக்கு 38 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பதம் பார்க்கும். லேசான கியரில் 60 சுற்று. மூச்சு சீராக இருக்கும், கால் தாங்கும்.

"லேசான கியர் போட்டா கேலி பண்ணுவாங்களே?" பண்ணட்டும். தன் வலிமை அறியாமல் ஊக்கத்தில் தொடங்கி, நடுவில் முறிந்துபோனவர் பலர் என்கிறது திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம். மலையையும் நம்மையும் அளந்து பார்ப்பது கோழைத்தனம் அல்ல, அதுதான் அறிவு.

நான் வைத்திருப்பது முன்னால் 50/34, பின்னால் 11-34. நீங்கள் மாற்றுமுன், உங்கள் சைக்கிளின் பின்பக்கக் கியர் மாற்றி 34 பல் வரை தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.