சளி பிடித்த குழந்தைக்கு வீட்டில் செய்யத் தக்கவை

குழந்தைகளுக்கு வரும் சாதாரணச் சளி, அதாவது மூக்கொழுகல், மூக்கடைப்பு, தும்மல், தொண்டைக் கரகரப்பு, இருமல், இலேசான காய்ச்சல் ஆகியவை கூடி வரும் தொற்று, பெரும்பாலும் ரைனோ வைரஸ் என்னும் கிருமிக் குடும்பத்தால் உண்டாகிறது. இக்குடும்பத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், ஒன்றை வென்று உடல் ஈட்டிய எதிர்ப்பாற்றல் அடுத்ததற்கு முழுமையாகக் கைகொடுப்பதில்லை. ஆகவே அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ செல்லத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது அதன் உடல் பலவீனத்தைக் காட்டுவதில்லை. இந்த வைரஸை அழிக்கும் மருந்து எதுவும் இன்று வழக்கில் இல்லை. ஆன்டிபயாட்டிக் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பாக்டீரியாவை மட்டுமே தாக்கக்கூடியவை. நோய் 7 முதல் 10 நாள்களில் தானே அடங்கும். எனவே வீட்டில் செய்யப்படும் எதுவும் சளியைக் குணப்படுத்துவதில்லை என்பதையும், குழந்தை பால் குடிக்கவும் உறங்கவும் இயலாமல் தவிக்கும் அந்தச் சில நாள்களை எளிதாக்குவதே அதன் பயன் என்பதையும் முதலில் ஏற்றுக்கொண்டால், எதைச் செய்வது எதை விடுவது என்னும் கேள்விக்கு விடை காண்பது சுலபமாகிறது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்புகளைச் சிறு குழந்தைகளுக்குத் தவிர்க்கச் சொல்வது வீட்டு வைத்தியத்தின் மீதுள்ள பற்றினால் அன்று. அவை சிறு குழந்தைகளின் சளியைத் தணிப்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. தீங்கு விளைவித்ததற்கோ சான்று உண்டு. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்னும் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்னும் எச்சரிக்கையை அதன் உறையில் அச்சிடுமாறு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் பணித்தது. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலைக் கரைப்பான் கலந்திருந்ததும், அதைக் குடித்த குழந்தைகள் பலர் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இறந்ததும் நாடறிந்தவை. அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய சிரப்புகள் கூடா, 5 வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று அறிவுறுத்தியது.

தணிக்க வேண்டியவற்றுள் முதலாவது மூக்கடைப்பு. பிறந்த சில மாதங்கள் வரை குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சுவிடும். வாய் முலைக்காம்பைப் பற்றியிருக்கும்போது மூக்கும் அடைத்திருந்தால், இரண்டு முறை உறிஞ்சிவிட்டு விலகி அழும், மீண்டும் பற்றும், மீண்டும் விலகும். இதைப் பசியின்மை என்றும் வயிற்றுவலி என்றும் எண்ணிக் கிரைப் வாட்டரைத் தேடும் வீடுகள் பல. உண்மையில் திறக்க வேண்டியது மூக்குத் துளை. அதற்கு உப்புநீரை விஞ்சிய பொருள் இதுவரை இல்லை என்று துணிந்து கூறலாம். கால் லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான பொடியுப்பைக் கரைத்தால், உடலின் நீர்மங்களை ஒத்த, ஏறத்தாழ 0.9 விழுக்காட்டு உப்புக்கரைசல் கிடைக்கும். அதை மூடிவைத்து அன்றே பயன்படுத்திவிட்டு மறுநாள் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். கடையில் 0.65 விழுக்காட்டு உப்புச் சொட்டாகவும் கிடைக்கிறது. ஆனால் வாங்கும்போது புட்டியின் எழுத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் ஒரே பெயரின் சாயலில் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் போன்ற இரத்தக் குழாயைச் சுருக்கும் சொட்டு மருந்துகளும் அதே அலமாரியில் நிற்கின்றன. அவை கைக்குழந்தைக்கு ஆபத்தானவை; பெரியவர்களுக்கும்கூடச் சில நாள்களுக்கு மேல் பயன்படுத்தினால் அடைப்பைக் கூட்டிவிடுபவை.

சொட்டுவிடும் முறையில்தான் பலருக்குத் தடுமாற்றம் ஏற்படுகிறது. குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலை சற்றே பின்னால் சாயும்படி தோளுக்கடியில் ஒரு கையை வைத்து, கரைசலைக் கைச்சூட்டில் இருக்குமாறு செய்துகொண்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். குழந்தை வீறிட்டு அழும். அந்த அழுகையே சொட்டை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் என்பதால் அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. காய்ந்து ஒட்டிய பொருக்கு நிமிடத்திற்குள் இளகி, துளையின் விளிம்பில் வழவழப்பாகத் திரண்டு வரும்; அப்போது நைந்த பழைய வேட்டித் துணியின் ஓரத்தைத் திரியாக முறுக்கி, நனைத்து, துளையின் வாயிலில் மட்டும் சுழற்றினால் கோழை துணியோடு வந்துவிடும். இரப்பர் உறிஞ்சி வைத்திருப்போர், குமிழை வெளியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு முனையைத் துளையில் வைத்து, பிறகு மெல்லப் பிடியைத் தளர்த்த வேண்டும். நாளில் மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உட்தோல் புண்ணாகி வீங்கும். இவற்றையெல்லாம் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பும், உறங்கவைப்பதற்கு முன்பும் செய்வதே பொருத்தம். பால் குடித்தவுடன் செய்தால், குடித்ததெல்லாம் வெளியே வரும். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட முடிவு ஒன்றில், வீட்டிலேயே கரைத்த, இதைவிடச் செறிவான உப்புநீரைச் சொட்டாக விட்ட குழந்தைகளுக்குச் சளி சராசரியாக 6 நாளிலும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழந்தைகளுக்கு 8 நாளிலும் அடங்கியது என்பது, இந்த எளிய முறைக்குக் கிடைத்த எதிர்பாராத ஆதரவாகும்.

மூக்கினுள் உப்புநீரைத் தவிர வேறு எதுவும் புகக்கூடாது. குளிப்பாட்டியபின் நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ மூக்கில் விட்டு, வாயால் ஊதிச் சளியை எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில், கைதேர்ந்த குளிப்பாட்டும் பாட்டிமார்களிடம், இன்றும் காணப்படுகிறது. எண்ணெய் இருமலைத் தூண்டாமலேயே மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் தங்கி, கொழுப்பு நிமோனியா எனப்படும் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும். ஊதுபவரின் வாயிலுள்ள கிருமிகளும் கூடவே செல்லும். இந்த ஒன்றில் பாட்டியின் மனம் நோகாமல் மறுப்பது மருமகள்களுக்கு எளிதன்று என்றாலும், மறுத்தே தீர வேண்டும்.

ஆவி பிடித்தலும் தைலமும் அடுத்து வருவன. கொதிநீர்ப் பாத்திரத்தின்மீது குழந்தையைக் குனியவைத்துப் போர்வையால் மூடும் முறையால் சளி விரைவில் குறைவதாக நிறுவப்படவில்லை. பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோவது மட்டும் மருத்துவமனைத் தீக்காயப் பிரிவுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்த குளியலறையில், நீரிலிருந்து தள்ளி, குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு சில நிமிடங்கள் அமர்ந்திருப்பது அந்த ஆசைக்குப் போதுமான மாற்று. ஈரப்பதமூட்டும் கருவி சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களின் மழைக்காலத்துக்குத் தேவையற்றது. இரவு முழுதும் ஏ.சி. ஓடும் அறையில் மட்டும் காற்று வறண்டு மூக்கு காயும் என்பதால், அதை நிறுத்திவிடுவதே செலவில்லாத வழி. தைலங்களிலுள்ள மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி மூக்கு திறந்துவிட்டதாக ஓர் உணர்வைத் தருகிறதே தவிர, காற்று செல்லும் அளவைக் கூட்டுவதில்லை. வளர்ந்த பிள்ளைக்கு அந்த உணர்வே உறக்கத்தைத் தருமாயின் மார்பில் சிறிது தடவலாம். ஆனால் 2 வயதுக்குட்பட்டோருக்கு அது கூடாது. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சித் தடவுவது எந்தச் சிறு குழந்தைக்கும் கூடாது, ஏனெனில் கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் ஏறி வலிப்பை உண்டாக்கவல்லது. சாம்பிராணிப் புகை, மணம் எத்துணை இதமாக இருப்பினும், ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுப்பாதைக்கு இன்னொரு எரிச்சலே. நெற்றியில் இடும் சுக்குப் பற்று, தோல் எரியாத அளவில் மெல்லியதாக இருக்கும்வரை, வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரிய நன்மையும் தீமையும் இல்லாதது.

உணவின் வழியாகச் செய்யும் தணிப்பில் தமிழ்ச் சமையலறை செழிப்பானது. இங்கே அறிவியலும் பெருமளவு மறுப்புச் சொல்லவில்லை. 1978இல் அமெரிக்க மருத்துவர்கள் சூடான கோழிச்சாறு மூக்குக் கோழையின் நகர்வை விரைவுபடுத்துவதை அளந்து காட்டினர். 2008இல் கார்டிஃப் நகரின் ஆய்வு, சூடான பழ பானம் மூக்கின் காற்றோட்டத்தை அளவில் மாற்றாவிடினும், தொண்டைவலி, இருமல், தும்மல், களைப்பு ஆகியவற்றிலிருந்து உடனடியாக ஆறுதல் தருவதைக் கண்டது. மிளகு ரசம், தூதுவளை ரசம், நாட்டுக்கோழிச் சாறு, நண்டு ரசம் ஆகியவை செய்வதும் இதையே: சூடு, உப்பு, நீர், சிறிது காரம். குழைந்த சோற்றில் நீர்த்த ரசத்தைப் பிசைந்து ஊட்டினால் மறுக்கும் பிள்ளையும் நான்கு வாய் வாங்கும். அந்த நான்கு வாயே அன்றைக்குப் போதும், வழக்கமான அளவு உண்ணும்படி வற்புறுத்தத் தேவையில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர இவற்றில் எதுவும் வேண்டாம். கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பதே அதற்குரிய முறை.

கற்பூரவள்ளியில், அதாவது ஓமவல்லியில், தைமால், கார்வக்ரால் என்னும் மணப்பொருள்கள் உள்ளன. இரண்டு இலையை நீரில் கொதிக்கவிட்டுத் தருவது உணவு. பத்து இலையைச் சாறு பிழிந்து, அதனோடு துளசியும் வெற்றிலையும் மிளகும் சேர்த்துச் சங்கால் புகட்டுவது மருந்து, அதுவும் அளவு தெரியாத மருந்து. கடையின் சிரப்பைத் தவிர்த்துவிட்டு அடுப்படியில் அதைவிடக் காட்டமானதைக் காய்ச்சினால் மருந்தைத் தவிர்த்ததாக ஆகாது. உரைகல்லில் வசம்பு உரைத்துப் பச்சைக் குழந்தையின் நாவில் தடவுவதும் இவ்வகையிலேயே சேரும்.

தேன் தனியே குறிப்பிடத் தக்கது. இரவு இருமலுக்கு உறங்கும் முன் 2 முதல் 5 வயது வரை அரைத் தேக்கரண்டியும், 6 முதல் 11 வயது வரை ஒரு தேக்கரண்டியும் தேன் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. இருமல் தணிந்து பிள்ளைகள் உறங்கியதாகப் பெற்றோர் அதில் மதிப்பிட்டனர். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைத் தொட்டுவைப்பதும் கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் பாட்டுலினம் கிருமியின் வித்துகள், முதிராத குடலில் முளைத்து, தசைகளைத் தளரச்செய்யும் நஞ்சை உண்டாக்கும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் சடங்கும் இதற்கு விலக்கன்று.

சளிக்குப் பழி சுமப்பவற்றுள் முதன்மையானவை பாலும் வாழைப்பழமும். 1990இல் ஆஸ்திரேலியாவில் ரைனோ வைரஸ் தொற்றிய தன்னார்வலர்களிடம் மூக்குச் சளியை எடைபோட்டுப் பார்த்தபோது, அருந்திய பாலின் அளவுக்கும் சுரந்த சளியின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாகத் தோன்றுவதே நம்பிக்கையின் மூலம். வேறு எதையும் தொடாத பிள்ளை பாலையும் பழத்தையும் கேட்டால் கொடுப்பதே நன்று. தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும் என்பதை மட்டும் அவ்வளவு விரைவாக ஒதுக்க முடியாது: கார்டிஃப் ஆய்வாளர்கள் 2005இல் 180 பேரில் பாதிப் பேரின் கால்களை 20 நிமிடம் குளிர்நீரில் வைத்தபோது, அடுத்த சில நாள்களில் சளி கண்டதாகச் சொன்னவர்கள் அக்குழுவிலேயே மிகுதியாக இருந்தனர். வைரஸ் இல்லாமல் குளிர் மட்டும் சளியைத் தராது என்றாலும், ஐப்பசி மழை நாளில் மாலைக் குளியலைத் தவிர்க்கச் சொல்லும் பாட்டி முற்றிலும் தவறானவர் அல்லர்.

மஞ்சளாகவும் பச்சையாகவும் சளி மாறுவது நோய் முற்றியதன் அறிகுறியன்று. தொற்றை எதிர்க்க வந்த வெள்ளணுக்களிலுள்ள ஒரு நொதியின் நிறமே அது. கவனிக்க வேண்டியது நிறத்தை அன்று, மூச்சை. குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு எழுந்து தாழ்வதைக் கடிகாரம் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் மூச்சுவிட்டால் அது வேகமூச்சு, நிமோனியாவின் அறிகுறியாக இருக்கக்கூடியது. மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவுக்குக் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், முனகல், உதடு நீலம் பாரித்தல், பால் அருந்த இயலாமை, சிறுநீர் வெகுவாகக் குறைதல், எழுப்பினாலும் விழிக்காத சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே, வேறு அறிகுறி இல்லாவிடினும், அதுவே போதுமான காரணம்.

இரவில் மூக்கு வடிய வேண்டும் என்பதற்காகக் கைக்குழந்தையின் தலைக்குத் தலையணை வைப்பது மூச்சுத்திணறலுக்கு இடம் தரும்; உறங்கும்போது சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு, விழித்திருக்கும்போது வேண்டுமானால் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளலாம். மூக்கு காய்ந்து, காய்ச்சல் நின்று, பிள்ளை ஓடியாடத் தொடங்கியபின்னும் இருமல் மட்டும் மூன்று வாரம் வரை தொடர்வதுண்டு; உறக்கமும் உணவும் விளையாட்டும் கெடாதவரை அதற்கெனப் புதிதாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.