ஒட்டாத நோய்க்கு ஒட்டிய அடைமொழி

முன்னுரை

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் அடிக்கடி எதிர்கொள்ளும் மருத்துவ அடைமொழிகளுள் 'எண்டெமிக்' என்பதும் ஒன்று. மலேரியா போன்ற தொற்றுநோய்களைப் பற்றிய செய்திகளில் இச்சொல் மிகுதியும் பயில்வதால், தொற்றும் நோயை மட்டுமே இது குறிக்கும் எனப் பலரும் கருதுகின்றனர். ஆயின், தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரால் விளையும் புளோரோசிஸ் நோய்க்கும் மருத்துவ நூலார் இவ்வடைமொழியையே வழங்குகின்றனர். அந்நோயோ ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவாதது. பரவாத நோய்க்கு இவ்வடைமொழி பொருந்துமா? பொருந்துமெனின் அதனைத் தமிழில் எங்ஙனம் வழங்குவது? இவ்விரு வினாக்களுக்கும் இக்கட்டுரையில் விடை காண முயல்வோம். இம்மாவட்டத்து இண்டூரில் வாழும் நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

சொல்லின் பிறப்பு

'டெமோஸ்' என்பது மக்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'என்' என்பது உள் என்றும், 'எபி' என்பது மேல் என்றும், 'பான்' என்பது அனைத்தும் என்றும் பொருள்படும். எனவே மக்களுக்குள்ளேயே நிலைத்திருப்பது எண்டெமிக்; மக்கள் மேல் வந்து கவிவது எபிடெமிக்; மக்கள் அனைவரையும் தழுவுவது பாண்டெமிக். இம்மூன்றினுள் எதிலும் தொற்று என்னும் கருத்து இல்லை என்பது நோக்கத்தக்கது. இப்பொகிரேட்டசு மரபினரான கிரேக்க மருத்துவர்களின் தொகுப்பில் 'எபிடெமிக்ஸ்' என்னும் பெயரிலேயே நூல்கள் உள்ளன. அவை ஏறத்தாழ 2400 ஆண்டுப் பழமையுடையன. காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்ததோ 1882ஆம் ஆண்டில்தான். கிருமியை மனிதர் அறிவதற்கு நெடுங்காலம் முன்பே இச்சொல்மரபு தோன்றிவிட்டது.

மூன்று வினாக்கள்

மாணவர் மனங்கொள்ள ஓர் எளிய வழியைக் கூறுவோம். ஒரு நோயைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்பலாம். எங்கே நிலைத்துள்ளது? வழக்கத்தினும் மிகுந்துள்ளதா? எவ்வாறு வருகிறது? முதல் வினாவுக்கு விடை எண்டெமிக், இரண்டாவதற்கு எபிடெமிக், மூன்றாவதற்கு 'இன்ஃபெக்ஷியஸ்', அதாவது தொற்றும் தன்மையது. முதலிரு சொற்களும் மூன்றாம் வினாவைத் தொடுவதே இல்லை.

ஆகவேதான் இமயமலை அடிவாரத்து மக்களிடையே அயோடின் குறைவால் நிலைத்திருந்த முன்கழுத்துக் கழலையையும் எண்டெமிக் என்றனர். அதனைக் கட்டுப்படுத்த இந்திய அரசு 1962இல் தேசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று உடற்பருமனை எபிடெமிக் என்றே குறித்தது. பருமன் ஒருவரைத் தொடுவதால் வருவதன்று என்பதை யாவரும் அறிவர். ஊழலை எண்டெமிக் என ஆங்கில நாளிதழ்கள் எழுதுவதும் வேரூன்றி நிலைத்த தன்மை பற்றியே ஆகும்.

எண்டெமிக் என்றால் கடுமை குறைந்தது என்னும் கருத்தும் கோவிட் காலத்தில் பரவியது. அதுவும் பிழையே. நிலைத்திருத்தல் வேறு, எளிதாதல் வேறு.

நம் மண்ணின் சான்று

சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோயை ஆராய்ந்த ஷார்ட் முதலிய மருத்துவ அறிஞர்கள் 1937இல் தம் கட்டுரையை வெளியிட்டனர். அதன் தலைப்பிலேயே புளோரோசிஸ் நோய்க்கு எண்டெமிக் என்னும் அடைமொழியைச் சேர்த்தனர். பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு கரைந்து நீரில் கலக்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர அளவு. மிகுதியான புளோரைடு கலந்த நீரைப் பல் உருவாகும் இளம்பருவத்தில் பருகும் குழந்தைகளுக்குப் பல்லில் கறை படிகிறது. பல்லாண்டுகள் பருகுவோர்க்கு எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. நீரைக் காய்ச்சுவதால் புளோரைடு நீங்காது.

இந்நிலையை மாற்றவே ஒகேனக்கலில் காவிரி நீரை எடுத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வழங்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் வகுக்கப்பெற்றது. 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013இல் அது தொடங்கிவைக்கப்பெற்றது. அத்திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்பதும் இடம்பெற்றுள்ளது. நோய்க்குரிய காரணம் நீர் என்று அறிந்ததால், தீர்வும் நீராயிற்று.

தமிழில் எச்சொல்?

தமிழிலும் சிரிப்பு தொற்றிக்கொண்டது, உற்சாகம் தொற்றிக்கொண்டது என்கிறோம். அவ்வழக்கால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் நோயின் பெயரோடு தொற்று என்பதைச் சேர்த்தால் கேட்போர் விலகி நிற்பர். பாண்டெமிக் என்பதைப் பெருந்தொற்று என்று கோவிட் காலத்தில் வழங்கியது அந்நோய்க்குப் பொருந்தும். அதே முறையில் எண்டெமிக் என்பதை நிலைத்த தொற்று என மொழிபெயர்த்துப் புளோரோசிசுக்குச் சூட்டினால் பெரும்பிழை நேரும். கறைப்பல் உடைய பிள்ளையோடு ஒரே குவளையில் நீர் பருகவும் பிறர் அஞ்சுவர். திருமணப் பேச்சிலும் அது தடையாகும்.

தோலின் நிறமிழப்பை வெண்குட்டம் என்றழைத்த பழைய வழக்கால் விளைந்த துன்பத்தை நாம் அறிவோம். அது குட்டமும் அன்று, ஒட்டுவதும் அன்று. இன்று அதனை வெண்புள்ளிகள் என்று வழங்குவது நல்ல திருத்தம்.

ஆதலின் எண்டெமிக் என்பதற்கு 'வட்டார' அல்லது 'இடஞ்சார்ந்த' என்னும் அடைமொழியே ஏற்றது என்பது எம் துணிபு. வட்டாரப் புளோரோசிஸ், வட்டாரக் கழலை என்பன இடத்தைச் சுட்டும், மனிதரைச் சுட்டா. மலேரியாவுக்கும் இவ்வடைமொழி பொருந்தும். தொற்றுமெனின் அதனைத் தனியே கூறுக.

முடிவுரை

நோயின் முதற்காரணத்தை ஆராய்ந்த பின்னரே அதனைத் தணிக்க முற்படுமாறு திருக்குறளின் மருந்து அதிகாரம் அறிவுறுத்துகிறது. பெயரிடுதற்கும் அந்நெறி வேண்டும். மொழிபெயர்க்க அமரும் மாணவர், அகராதி தரும் முதற்சொல்லை எடுத்தாளாமல், எங்கே, எவ்வளவு, எவ்வாறு என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிப் பார்ப்பாராக. ஊரின் கிணற்று நீரில் உள்ள குறையை ஊரார் உடம்பின் மீது ஏற்றிக் கூறாதிருத்தல் மொழி கற்றோர் கடனாகும்.