துருவேறிய பொம்மை ரயில் தண்டவாளம்

கேள்வி: 1950களின் லயனல் பொம்மை ரயில் தண்டவாளமும் தடம் மாற்றும் பாயிண்ட்டுகளும் துருப்பிடித்துவிட்டன. வினிகரில் ஊறவைக்கலாமா?

பதில்: வேண்டாம். தகர முலாம் பூசிய எஃகு அது. அமிலம் துருவோடு மிச்ச முலாமையும் தின்றுவிடும், நடுத் தண்டவாளத்தின் மின்காப்பு அட்டையும் ஊறிக் கெடும். சக்கரம் தொடும் மேற்பரப்பை மட்டும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பட்டையால் தேய்த்தால் மின்சாரம் பாயும். பக்கவாட்டுத் துரு வெறும் கண்ணுறுத்தல். இரும்புக் கம்பளி சீக்கிரம் தேய்க்குமே என்பீர்கள். உதிரும் இழைகளை என்ஜினின் காந்தம் இழுத்துக்கொண்டு ஷார்ட் சர்க்யூட் ஆக்கும். உண்மையான மின்தடை பெரும்பாலும் இணைப்பு ஊசிகளில்தான், அவற்றை மாற்றுங்கள். ஆனால் 022 ரகப் பாயிண்ட்டில் சில ஊசிகள் மின்கடத்தாதவை. அங்கே எஃகு ஊசி செருகினால் பாயிண்ட்டை இயக்கும் கம்பிச்சுருள் ஓயாமல் மின்சாரம் வாங்கிக் கருகிவிடும். புதிதே வாங்கிவிடலாமே என்றால், சாதாரணத் துண்டுகளுக்குச் சரி. பாயிண்ட்டுக்கு அந்த யோசனையை ஏற்கமாட்டேன்.