லோணார் ஏரிக்குப் போனோம்

மகாராட்டிர மாநிலத்தில் புல்தானா என்று ஒரு மாவட்டம் உண்டு. அங்கே லோணார் என்ற ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு பெரிய வட்டமான பள்ளம். பள்ளத்தின் அடியில் ஓர் ஏரி. 'அது எரிமலை ஏரி' என்று பலர் சொல்வது உண்டு. உண்மையிலேயே அது எரிமலைதானா? நேரில் பார்த்து வரலாம் என்று கிளம்பினோம்.

நாங்கள் நான்கு பேர். எழுத்தறிவு வகுப்பு நடத்தும் நண்பர்கள். சத்ரபதி சம்பாஜிநகரில் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்தோம். அந்த நகரின் பழைய பெயர் அவுரங்காபாத். விடியற்காலையில் புறப்பட்டு, ஜால்னா வழியாகப் போனோம். வழியில் சிந்த்கேட் ராஜா என்ற ஊர் வந்தது. அது சிவாஜியின் தாயார் ஜீஜாபாய் பிறந்த ஊர்.

சாலையின் இருபுறமும் கரிசல் மண். பருத்தியும் துவரையும் விளைந்து நின்றன.

"இந்த மண்ணுக்கும் எரிமலைக்கும் உறவு உண்டு" என்றார் எங்களோடு வந்த அக்கா. "சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், பூமி பிளந்து நெருப்புக் குழம்பு வெளியே வந்தது. தக்காணம் முழுவதும் பரவியது. ஆறிக் கருங்கல்லாக இறுகியது. அந்தக் கல் பொடிந்துதான் இந்தக் கரிசல் மண் உண்டானது."

பள்ளம் எப்படி வந்தது?

லோணாரில் ஒரு பெரியவர் எங்களுக்கு வழி காட்டினார். அந்தப் பக்கத்தில் பெரியவர்களை 'காகா' என்று அழைப்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம்.

பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றோம். எவ்வளவு பெரியது! இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே சுமார் 1,800 மீட்டர். கீழே பச்சை நிறத்தில் ஏரி. அதைச் சுற்றிலும் காடு.

காகா ஒரு கதை சொன்னார். "லவணாசுரன் என்று ஓர் அசுரன் இங்கே ஒளிந்திருந்தான். திருமால் வந்து அவனை வதம் செய்தார். ஊருக்குள் தைத்ய சூதன் கோயில் இருக்கிறதே, அது அந்தக் கதையைச் சொல்லும் கோயில்தான்."

லவணம் என்றால் உப்பு. ஏரித் தண்ணீரும் உப்பு. அந்தக் காலத்து மக்கள் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்துத்தான் அசுரனுக்குப் பெயர் வைத்தார்களோ!

"காகா, இது எரிமலை வாய்தானே?" என்று கேட்டோம்.

"முன்பு படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சுற்றிலும் எரிமலைக் கல் இருக்கிறது அல்லவா? ஆனால் இது வானத்திலிருந்து விழுந்த கல் உண்டாக்கிய பள்ளம்" என்றார் அவர்.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அறிஞர்கள் பள்ளத்தின் அடியில் துளை போட்டார்கள். உள்ளே நொறுங்கிய பாறை கிடைத்தது. கண்ணாடி போல மாறிய துணுக்குகளும் கிடைத்தன. அந்த மாதிரிக் கண்ணாடி எரிமலையில் உண்டாகாது. மிகப் பெரிய மோதலில்தான் உண்டாகும். இந்த ஆய்வு 1973-இல் வெளிவந்தது.

பள்ளத்தின் வயதையும் கணக்கிட்டார்கள். 2011-இல் வெளியான ஆய்வின்படி அது சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள். நெருப்புக் குழம்பு ஆறிப் பல கோடி ஆண்டுகள் கழித்துத்தான் பள்ளம் விழுந்திருக்கிறது.

சேற்றில் ஒரு கல்லை ஓங்கி எறிந்து பாருங்கள். நடுவில் குழி விழும். சுற்றிலும் வரப்புப் போல மேடு எழும். லோணாரின் விளிம்பும் அப்படித்தான் உயர்ந்து நிற்கிறது.

மஞ்சள் சொன்ன சேதி

விளிம்பில் கோமுகம் என்ற ஊற்று இருக்கிறது. அதில் நல்ல தண்ணீர் விழுகிறது. மக்கள் அதில் குளிக்கிறார்கள். அக்கா தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். அதில் மஞ்சள் தடவியிருந்தது. ஒரு முனையை ஊற்று நீரில் நனைத்தார். நிறம் மாறவில்லை.

பிறகு காட்டுப் பாதையில் கீழே இறங்கினோம். மயில்கள் அகவின. கரையில் கமலஜா தேவி கோயில். அக்கா துணியின் மறு முனையை ஏரித் தண்ணீரில் நனைத்தார். மஞ்சள் சிவந்துவிட்டது!

"ஆரத்தி கரைத்தது போல இருக்கிறதே!" என்றார் ஜீப் ஓட்டி வந்த அண்ணன்.

அவர் சொன்னது சரி. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். சோப்பு பட்டாலும் சிவக்கும். இவற்றில் காரத்தன்மை உண்டு. ஏரியின் நீரிலும் அது மிகுதியாக இருக்கிறது.

ஊற்று நீர் நல்ல நீர். ஏரி நீர் மட்டும் ஏன் இப்படி? ஏரிக்குள் தண்ணீர் வர வழி உண்டு. வெளியே ஓட வழி இல்லை. வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும். தண்ணீரோடு வந்த உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆண்டுக்கு ஆண்டு அது சேர்ந்துகொண்டே போகும்.

ஏரி சிவந்தது

2020 ஜூன் மாதம் ஏரி முழுவதும் இளஞ்சிவப்பாக மாறியது. மக்கள் திகைத்தார்கள். தண்ணீரை எடுத்துப் புனேயில் சோதித்தார்கள். காரணம் தெரிந்தது. அந்த ஆண்டு ஏரியில் நீர் குறைந்தது. உப்பு கூடியது. உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகின. அவற்றின் நிறம்தான் அது.

அதே 2020-இல் லோணார் ராம்சார் ஈரநிலமானது. உலக அளவில் காக்க வேண்டிய நீர்நிலை என்பது இதன் பொருள்.

"வெளிநாட்டிலிருந்து எல்லாம் வந்து பார்க்கிறார்கள். ஆனால் ஊரின் கழிவு நீரும் பல காலம் இதில் இறங்கியதே!" என்று வருந்தினார் காகா.

அவர் கவலை நியாயமானது. ஆற்றில் விழுந்த அழுக்கை வெள்ளம் அடித்துப் போகலாம். இந்த ஏரியிலிருந்து எதுவும் வெளியே ஓடாது. உப்பு தங்கியது போலவே அழுக்கும் தங்கும். உங்கள் ஊர்க் குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? போய்ப் பாருங்கள். நாலு பேரிடம் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் வற்றிய பிறகு தட்டில் என்ன இருக்கிறது?
2. ஒரு துணியில் மஞ்சள் தடவுங்கள். ஒரு முனையில் கிணற்று நீரையும், மறு முனையில் சோப்பு நீரையும் விடுங்கள். எது சிவக்கிறது?

விடை எழுதுங்கள்

1. லோணார் பள்ளம் எப்படி உண்டானது?
2. ஏரித் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது?
3. 2020-இல் ஏரியின் நிறம் ஏன் மாறியது?

பேசுங்கள்

உங்கள் ஊர்க் குளத்தில் கழிவு நீர் கலக்கிறதா? அதைத் தடுக்க நீங்கள் என்ன செய்யலாம்?