ஆளுக்கா, இடத்துக்கா? அலுவலக அச்சுப்பொறிகளை மையச் சர்வரிலிருந்து வழங்குதல்



ஓர் அலுவலகத்தில் பத்துக் கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் மட்டுமே இருக்கும்வரை, ஒவ்வொரு கணினியின் முன்னும் உட்கார்ந்து அச்சுப்பொறியின் முகவரியைப் பதிந்து, அதை இயக்கும் நிரலான டிரைவரை நிறுவிவிட்டு வருவதில் குறையொன்றும் இல்லை. அத்தகைய இடத்தில் இதற்கென்று தனிச் சர்வர் வாங்குவது வீண் செலவு. கணினிகள் முந்நூறாகி, நான்கு மாடிகளில் பரவி, ஊழியர்களும் பிரிவு விட்டுப் பிரிவு மாறத் தொடங்கும்போதுதான் மையச் சர்வரிலிருந்து அச்சுப்பொறிகளை வழங்கும் முறை தன் பயனைக் காட்டுகிறது. விண்டோஸ் சர்வரும், பயனர்களையும் கணினிகளையும் ஒரே பதிவேட்டில் வைத்து ஆளும் ஆக்டிவ் டைரக்டரியும் உள்ள அலுவலகமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு: கண்முன் நிற்கும் இயந்திரம் ஒன்று, சர்வரில் அதற்கென உருவாக்கப்படும் அச்சு வரிசை மற்றொன்று. ஊழியர்கள் அனுப்பும் ஆவணங்களை வாங்கி வைத்து, இயந்திரம் தயாரானதும் ஒவ்வொன்றாக அனுப்பும் ஏற்பாடே வரிசை. பின்னணியில் இருந்து அந்த வேலையைச் செய்யும் சேவைக்கு ஸ்பூலர் என்று பெயர். சர்வரின் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே சென்றால், காத்திருக்கும் ஒவ்வோர் ஆவணமும் இரண்டிரண்டு கோப்புகளாகக் கிடப்பதைக் காணலாம்: எஸ்பிஎல் என்று முடிவதில் அச்சிட வேண்டிய உள்ளடக்கமும், எஸ்எச்டி என்று முடிவதில் அது யாருடையது, எத்தனை பிரதி என்பன போன்ற குறிப்புகளும் இருக்கும். அழிக்கவும் முடியாமல் அச்சாகவும் மாட்டாமல் ஓர் ஆவணம் சிக்கிக்கொண்டால், ஸ்பூலரை நிறுத்தி, அந்தக் கோப்புகளை நீக்கி, மீண்டும் தொடங்குவதே வழக்கமான மருந்து. ஆனால் அந்தச் சர்வரிலுள்ள எல்லா வரிசைகளின் கோப்புகளும் பொதுவாக அந்த ஓரிடத்தில்தான் சேர்கின்றன என்பதால், மருந்தின் அளவு கூடினால் பக்கத்து மாடியின் ஆவணங்களும் சேர்ந்தே போய்விடும்.

சர்வரிலிருந்து இயந்திரத்தைச் சென்றடையும் வழி போர்ட் எனப்படுகிறது. இயந்திரத்தின் ஐபி முகவரி மாறாதபடி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரில் ஒதுக்கி வைத்துவிட்டு, வழக்கமான டிசிபி/ஐபி போர்ட் வகையைத் தேர்ந்து 9100 என்ற எண்ணில் இணைப்பதே நம்பத்தக்கது. விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துத் தரும் டபிள்யூஎஸ்டி போர்ட் வீட்டுக் கணினிக்குப் பொருந்தினாலும் சர்வருக்கு ஏற்றதன்று. டிசிபி/ஐபி போர்ட்டின் அமைப்புக்குள் எஸ்என்எம்பி என்றொரு வசதி இருக்கிறது. காகிதம் தீர்ந்ததா, இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் நெறிமுறை அது. அந்த விசாரணைக்குரிய 'பப்ளிக்' என்னும் அடையாளச் சொல்லை இயந்திரத்தின் பக்கம் யாரேனும் பாதுகாப்புக் கருதி மாற்றிவிட்டால், சர்வருக்குப் பதில் கிடைக்காமல் போய், நன்றாக ஓடும் இயந்திரமும் திரையில் 'ஆஃப்லைன்' என்றே காட்டப்படும். கேபிளைக் கழற்றி மாட்டுவதில் ஒரு முற்பகலைக் கழிப்பதற்கு முன்பு பார்க்க வேண்டிய இடம் இதுவே.

வரிசைக்குப் பெயர் வைக்கும்போது இயந்திரத்தின் மாடல் எண்ணை வைப்பவர்கள் பலர், அது தவறு. 'மாடி2-கணக்கு-கறுப்பு' என்று இடத்தையும் பயனையும் சொல்லும் பெயராக இருந்தால், இயந்திரம் பழுதாகி வேறொன்று வந்தாலும், சர்வரில் போர்ட்டையும் டிரைவரையும் மாற்றினால் போதும். முந்நூறு கணினிகளில் உள்ள இணைப்புகளைத் தொடவே வேண்டியதில்லை. அச்சுப்பொறி ஆளுக்குரியதன்று, இடத்துக்குரியது என்னும் இந்தக் கொள்கை பெயரோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்து வரும் வழங்கல் முறையிலும் பெரும்பாலான சிக்கல்கள் இதை மறப்பதாலேயே விளைகின்றன.

வழங்குவதற்குரிய கருவி குரூப் பாலிசி, அதாவது மையத்தில் எழுதப்பட்டு, கணினி இயங்கத் தொடங்கும்போதும் பயனர் உள்நுழையும்போதும் செயற்படுத்தப்படும் விதிகளின் தொகுப்பு. இதில் இரு வழிகள் உண்டு. விண்டோஸ் சர்வர் 2003-இன் ஆர்2 பதிப்போடு வந்த பிரிண்ட் மேனேஜ்மென்ட் கன்சோலில் வரிசையின்மேல் வலச்சொடுக்கி, அதைப் பயனர்களுக்கோ கணினிகளுக்கோ நேரடியாக வழங்கலாம். விண்டோஸ் சர்வர் 2008-உடன் வந்த பிரிஃபரன்சஸ் பகுதி இதைவிட நுட்பமானது. எந்த நிபந்தனையில் எந்த வரிசை தோன்ற வேண்டும் என்று ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே குறிக்க அது இடமளிக்கிறது. ஆயினும் பிரிஃபரன்சஸில் சர்வர்வழிப் பகிரப்பட்ட அச்சுப்பொறி பயனர் பக்கத்தில் மட்டுமே கிடைக்கும், கணினிப் பக்கத்தில் இல்லை. இந்த ஓர் அமைப்பே புதிய நிர்வாகியை, அச்சுப்பொறியை ஆளோடு கட்டிவைக்கும் பழக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது.

அவ்வாறு கட்டினால் நேர்வது இதுதான். கணக்குப் பிரிவின் பயனர் குழுவுக்கு இரண்டாம் மாடி வரிசை வழங்கப்பட்டிருக்கிறது. அக்குழுவில் ஒருவர் தணிக்கைக்காக நான்காம் மாடிக் கணினியில் உள்நுழைந்து அச்சிடுகிறார். காகிதம் இரண்டு மாடிக்குக் கீழே வெளிவருகிறது. அது சம்பளப் பட்டியலாக இருந்தால், அவர் படியிறங்கி வருவதற்குள் அதை வாசித்தவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. இதற்குத் தீர்வு, பயனர் பக்கத்தில் எழுதினாலும் நிபந்தனையை இடத்தின்மேல் வைப்பது: ஒவ்வொரு மாடிக்கும் தனி ஐபி முகவரி எல்லை இருந்தால் அந்த எல்லையை நிபந்தனையாக்கலாம், இல்லையெனில் அந்தந்த மாடியின் கணினிகளை ஒரு பாதுகாப்புக் குழுவில் சேர்த்து, குழுவைக் குறிக்கும்போது பயனரைப் பாராமல் கணினியைப் பார்க்குமாறு சொல்லலாம். இடம் மாறாத மேசைக் கணினிகளுக்குப் பிரிண்ட் மேனேஜ்மென்ட் வழியே கணினிக்கே வழங்கிவிடுவது இன்னும் எளிது. அங்கு யார் உட்கார்ந்தாலும் அந்த மாடியின் வரிசையே கிடைக்கும்.

பிரிஃபரன்சஸில் கிரியேட், ரீப்ளேஸ், அப்டேட், டெலீட் என நான்கு செயல்கள் தரப்படுகின்றன. பெயரின் மிடுக்கைக் கண்டு ரீப்ளேஸைத் தேர்ந்தால், பாலிசி செயற்படும் ஒவ்வொரு முறையும் இணைப்பு அழிக்கப்பட்டு மறுபடி உருவாக்கப்படும். பாலிசியோ பின்னணியில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. உள்நுழைவு தாமதமாகிறது, ஊழியர் செய்து வைத்த இருபக்க அச்சு போன்ற தேர்வுகள் மறைகின்றன என்ற புகார்கள் வந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். அன்றாடத் தேவைக்கு அப்டேட் போதும். இயல்நிலை அச்சுப்பொறியைப் பாலிசியில் குறித்தும் அது மாறிக்கொண்டே இருந்தால், விண்டோஸ் 10 கொண்டுவந்த ஒரு வசதி அதற்குக் காரணமாக இருக்கலாம். கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியையே இயல்நிலையாக்கும் அந்த வசதியை மையத்திலிருந்தே அணைத்துவிடலாம்.

வழங்குவதும் அனுமதிப்பதும் ஒன்றல்ல. மேற்சொன்ன நிபந்தனைகளெல்லாம் யாருடைய திரையில் வரிசை தோன்றும் என்பதை மட்டுமே முடிவு செய்கின்றன. சர்வரின் பெயரையும் வரிசையின் பெயரையும் தட்டச்சு செய்யத் தெரிந்த எவரும் தாமே இணைத்துக்கொள்ளலாம், ஏனெனில் புதிய வரிசையில் 'எவ்ரிஒன்' என்னும் பொதுக்குழுவுக்கு அச்சிடும் உரிமை தொடக்கத்திலேயே தரப்பட்டிருக்கிறது. காசோலை அச்சிடும் இயந்திரத்துக்கு அந்தப் பொதுக்குழுவை நீக்கிவிட்டு, உரிய குழுவுக்கு மட்டும் உரிமை தருவது தனியே செய்ய வேண்டிய வேலை.

இனி டிரைவர். ஊழியரின் கணினி ஒரு வரிசையோடு இணையும்போது, அதற்குரிய டிரைவரைச் சர்வரிலிருந்தே இறக்கிக்கொள்ளும் முறைக்குப் பாயின்ட் அண்ட் பிரிண்ட் என்று பெயர். நெடுங்காலம் இது சாதாரண ஊழியரின் உரிமையிலேயே ஓசையின்றி நடந்துவந்தது. டிரைவர் என்பது கணினியின் ஆழத்தில் இயங்கும் நிரல், அதை நிறுவும் ஸ்பூலரோ கணினியின் உச்ச உரிமையான சிஸ்டம் கணக்கில் ஓடுவது. இவ்விரண்டும் சேர்ந்தால் வரக்கூடிய கேடு 2010-இல் ஸ்டக்ஸ்நெட் புழு ஸ்பூலரின் குறையொன்றைப் பரவலுக்குப் பயன்படுத்தியபோதே தெரிந்திருந்தும், 2021-இல் பிரிண்ட்நைட்மேர் எனப்பட்ட குறை வெளிப்பட்ட பின்பே கதவு இறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்து மேம்படுத்தல் முதல், டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும் என்பது இயல்நிலையாயிற்று. அதன் விளைவாகப் பல அலுவலகங்களில் மறுநாள் காலை ஊழியர்களின் திரையில் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி வந்து நின்றது.

அந்தப் பெட்டியை ஒழிக்க விண்டோஸின் அமைப்புகள் பதியப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சுழியமாக்கிப் பழைய நிலைக்குத் திரும்பும் வழி இன்றும் கைமாறிக் கைமாறிச் சொல்லப்படுகிறது. அது பூட்டைச் சரிசெய்வதன்று, கதவையே கழற்றி வைப்பது. செய்ய வேண்டியது, தேவையான டிரைவர்களைக் கணினிகளில் முன்கூட்டியே மையத்திலிருந்து நிறுவி வைப்பதும், நம்பத்தகுந்த சர்வர்களின் பெயர்களை மட்டும் பாலிசியில் குறிப்பதும், அச்சு வேலை இல்லாத ஆக்டிவ் டைரக்டரியைத் தாங்கும் டொமைன் கன்ட்ரோலர் போன்ற சர்வர்களில் ஸ்பூலரையே நிறுத்தி வைப்பதும் ஆகும். மாடலுக்கு ஒன்றாகப் பத்து டிரைவர் வைப்பதைவிட, ஒரு தயாரிப்பாளரின் பல மாடல்களுக்கும் பொதுவான யுனிவர்சல் டிரைவர் ஒன்றை வைப்பது இந்தச் சுமையைக் குறைக்கும். தயாரிப்பாளர்களின் தனி டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்துவிட்டதால், புதிதாக வாங்கும் இயந்திரங்கள் ஐபிபி என்னும் பொது நெறிமுறையில் இயங்குமா என்று கேட்டே வாங்க வேண்டும்.

தொலைவிலுள்ள கிளைகளுக்கு ஒரு சொல்: கிளை ஊழியரின் ஆவணம் தலைமையகச் சர்வருக்குப் போய்த் திரும்பிவந்து பக்கத்து இயந்திரத்தில் அச்சாவதைத் தவிர்க்க, விண்டோஸ் சர்வர் 2012 முதல் கிளை நேரடி அச்சு வசதி இருக்கிறது.

எஞ்சியிருப்பது நீக்கம். பிரிண்ட் மேனேஜ்மென்ட் வழியே வழங்கிய இணைப்பு, பாலிசி பொருந்தாமற் போனதும் தானே விலகும். பிரிஃபரன்சஸில் எழுதிய பதிவை அழித்தாலோ, ஊழியர்களின் கணினிகளில் இணைப்பு அப்படியே தங்கிவிடும். 'பொருந்தாதபோது நீக்கு' என்ற கட்டத்தைத் தேர்ந்தால் விலகும்தான், ஆனால் செயலும் தானாகவே ரீப்ளேஸ் ஆகிவிடும். ஆகவே ஓய்வுபெறும் வரிசையின் பதிவை டெலீட் என்று மாற்றிச் சில வாரங்கள் விட்டுவைத்து, விடுப்பிலிருந்து திரும்பும் மடிக்கணினிகளும் ஒரு முறை உள்நுழைந்த பிறகே சர்வரில் உள்ள வரிசையை அழிப்பது முறை.